வெள்ளத்தில் செத்த இன்வெர்ட்டர் பேட்டரி, உப்பின பவர் பேங்க், இலவச டிவி: கடலூரில் எங்கே கொடுப்பது?

உப்பலவாடிக்காரி

வணக்கம். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பின்பக்கத்து அறையைக் காலி செய்தாக வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும், எங்கள் குண்டு உப்பலவாடி வீட்டுக்குள் முட்டிக்கு மேல் தண்ணீர். வடிந்த பிறகு கெட்டுப்போனதை எல்லாம் அந்த அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினோம். காய்ந்தால் ஓடும் என்றார் அம்மா. காய்ந்தது, ஓடவில்லை.

உள்ளே இருப்பது இவ்வளவு: 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரி, அதோடு சேர்ந்து செத்த இன்வெர்ட்டர், தாத்தா வீட்டிலிருந்து வந்த அரசாங்கத்து 14 இன்ச் கலர் டிவி, ஒரு மிக்ஸி, நாலைந்து பழைய போன், அதில் ஒன்று அப்பாவுடைய நோக்கியா, பலூன் மாதிரி உப்பிய பவர் பேங்க், ட்யூப்லைட் ஆறேழு, அப்புறம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ரிமோட் செல்லும் கடிகாரச் செல்லும். பாட்டில் எதற்கு என்று கேட்காதீர்கள். செல்லைக் குப்பையில் போடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று பையன் வந்து சொன்னான், அப்படியானால் எங்கே போடுவது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, பாட்டில் நிறைந்ததுதான் மிச்சம்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு எடுப்பவர் மூன்று சக்கர வண்டியில் வந்தார். பேட்டரியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டிவியைப் பார்த்ததும் சுருங்கிவிட்டது. "டிவிய ஒடச்சி உள்ள இருக்கற காப்பர எடுத்துக்கறேம்மா, கண்ணாடிய நீங்களே வெச்சிக்கோங்க" என்றார். நான் உள்ளே போய் அம்மாவிடம் விலை கேட்டுக்கொண்டு வருவதற்குள், மனிதர் பேட்டரியைத் தென்னை மரத்தடிக்கு இழுத்துப் போய் மூடிகளைத் திருகிச் சாய்த்து ஆசிட்டை ஊற்றிக்கொண்டிருக்கிறார். "எடைக்கு ஆசிட் சேராதும்மா" என்று எனக்கே விளக்கம் வேறு. கத்தி நிறுத்தினேன், அதற்குள் அரை வாளி போயிருக்கும். சிமெண்ட் திட்டில் பட்ட இடமெல்லாம் சோடா போல நுரைத்தது. மண்ணில் சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. வீட்டில் நாலு கோழி இருக்கிறது, அந்த இடத்தில்தான் எப்போதும் கிளறும்.

அவரை அனுப்பிவிட்டேன், பேட்டரி மரத்தடியிலேயே நிற்கிறது. அந்த மண்ணை என்ன செய்வது? மற்றதை எல்லாம் கடலூரிலோ பாண்டியிலோ யாரிடம் கொடுப்பது? காசு வராவிட்டாலும் பரவாயில்லை.

நெல்லித்தோப்பு பேட்டரி

மேடம், பாண்டி நெல்லித்தோப்பில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். முதலில் மண். உப்பின பவர் பேங்கைத் தவிர மற்றதற்கெல்லாம் ஒரு வாரம் ஆனாலும் ஒன்றும் ஆகாது, இது மழைக்கு முன்னால் முடிய வேண்டும்.

கையில் ரப்பர் கையுறை, காலில் மூடிய செருப்பு, கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள். கோழியை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஆசிட் பட்ட இடத்தில் நீற்றின சுண்ணாம்புப் பொடியைத் தூவுங்கள், சிமெண்ட் திட்டுக்குச் சமையல் சோடா போதும். சுண்ணாம்பு நுரைக்காது, சோடாதான் நுரைக்கும், அதனால் இரண்டு இடத்திலும் கடைசியில் இன்னும் கொஞ்சம் சோடா தூவிப் பாருங்கள், நுரைக்காவிட்டால் ஆசிட் முறிந்துவிட்டது என்று அர்த்தம். பலபேர் இதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் நீங்கள் சொன்ன சாம்பல் நிறச் சேறு இருக்கிறதே, அது பேட்டரிக்குள் இருக்கிற பிளேட்டிலிருந்து உதிர்ந்த ஈயம். சுண்ணாம்பு ஆசிட்டைத்தான் முறிக்கும், ஈயம் அப்படியே கிடக்கும், பத்து வருஷம் ஆனாலும் கிடக்கும். அதனால் மண்ணை லேசாக நனைத்துக்கொண்டு (காய்ந்த மண்ணைப் பெருக்கினால் தூசி பறந்து மூக்கில்தான் போகும்) சேறு தெரிகிற இடத்தையும் சுற்றி ஒரு சாணும் இரண்டு மூன்று அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, மூடி இருக்கிற பழைய பெயிண்ட் வாளியில் போட்டு மூடுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள், எருக்குழியிலும் போடாதீர்கள். பேட்டரியைக் கொடுக்கும்போது வாளியையும் கொடுங்கள். நாங்கள் கடையில் பேட்டரிக்கு அடியில் படிகிற சேற்றையும் சேர்த்துத்தான் அனுப்புகிறோம், உங்கள் கடைக்காரர் முடியாது என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்தது பேட்டரி. தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், வேண்டாம். இருக்கிற ஆசிட்டோடு மூடியை இறுக்கி, நிமிர்த்தி, ஒரு பிளாஸ்டிக் டப்பில் வையுங்கள். இரண்டு டெர்மினலிலும் டேப் சுற்றுங்கள். 150 ஏஹெச் ட்யூப்லர் என்றால் ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆசிட்தான். இரும்புக்கடைக்காரர் ஏன் கொட்டினார் என்று இப்போது புரியும், அவருக்கு மேலே வாங்குகிறவன் ஈயத்துக்கு மட்டும்தான் காசு கொடுப்பான், ஆசிட் அவருக்கு வெறும் சுமை. ஆசிட்டைக் கொட்டித் தரச் சொல்கிற எந்த இடத்துக்கும் கொடுக்காதீர்கள், அது ஒன்றே போதும் இடத்தைத் தெரிந்துகொள்ள.

புது பேட்டரி வாங்கப்போகிறீர்கள் என்றால் வேலை சுலபம். எந்த கம்பெனி டீலராக இருந்தாலும் பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வார்கள், வண்டியில் வந்து இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். பாண்டிக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், கடலூரிலேயே டீலர்கள் இருக்கிறார்கள். பைக்கில் மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள். புதிது வாங்காவிட்டாலும் கிலோ கணக்கில் எடுப்பார்கள், பழைய இரும்புக்கடையைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கலாம்.

எங்கள் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன், எல்லா டீலரும் யோக்கியம் இல்லை. பழைய பேட்டரியை கம்பெனிக்கு அனுப்பாமல், நூறு இருநூறு அதிகம் கிடைக்கிறது என்று வெளியே தள்ளுகிறவர்களும் உண்டு. அதனால் பில்லில் பழைய பேட்டரி கழித்த தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை. பேட்டரிக்கு 2001லேயே சட்டம் வந்துவிட்டது, 2022 ஆகஸ்ட்டில் அதை எடுத்துவிட்டுப் புது விதிகள் கொண்டுவந்தார்கள். முன்பு ஈய பேட்டரிக்கு மட்டும் இருந்தது, இப்போது ரிமோட் செல்லில் இருந்து எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி வரைக்கும் எல்லாம் அதற்குள் வருகிறது, விற்ற கம்பெனியே திரும்ப எடுக்கப் பொறுப்பு. புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் ஈயம் எத்தனை தடவை உருக்கினாலும் ஈயம்தான், மேல் டப்பாகூட மறுபடி டப்பாவாகும். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இதைப்போல முழுசாகத் திரும்பி வரும் பொருள் அபூர்வம்.

முதுநகர்காரன்

இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொடுத்தாலும் கடைசியில் எல்லாம் ஒரே லாரியில்தான் போகும். சும்மா மனத்திருப்திக்கு.

தேவனாம்பட்டினம் வலை

அக்கா, கோழி என்று சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் நான் சின்னப் பையனாக இருந்தபோது வலைக்கு ஈயக்குண்டு வீட்டிலேயே வார்ப்பார்கள். பழைய பேட்டரியை உடைத்து பிளேட்டை எடுத்து, இரும்புச் சட்டியில் போட்டு விறகடுப்பில் உருக்குவார்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், பெரிய உலை எல்லாம் தேவையில்லை, சோறு வடிக்கிற அடுப்பே போதும், அதுதான் வினையே. மேலே அழுக்கு ஏடு மாதிரி மிதக்கும், அதைக் கரண்டியால் வழித்துக் கீழே மணலில் தட்டுவார்கள். அந்த மணலில்தான் நாங்கள் விளையாடினோம். உருகின ஈயம் கண்ணாடி மாதிரி மின்னும், அதைப் பார்ப்பதற்கென்றே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். யாரும் எங்களைத் துரத்தவில்லை, ஏன் துரத்த வேண்டும், ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடிக்கிற ஊர்தானே என்று பெரியவர்களுக்கு நினைப்பு.

அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். பேர்தான் ஒன்று, இரண்டும் வேறு வேறு உலோகம். (சொம்பு என்று வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அது தனிக் கதை.) காரீயம் உடம்புக்குள் போனால் குழந்தைக்கு மூளை வளர்ச்சியில் கை வைக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்கிற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பார்த்தால் தெரியாது. காய்ச்சல் வராது, வாந்தி வராது, பையன் படிப்பில் மந்தம் என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம்.

கோழி மண்ணைக் கொத்தித் தின்னும், ஈயம் முட்டையில் வரும். அதனால் அந்த மண்ணை எடுக்கிற வரைக்கும் முட்டையை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்பது என் பயம். ஒரு வாரத்தில் அப்படி ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் பையன் அங்கே கோலி விளையாடுகிறானா என்று பாருங்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கிற டெஸ்ட் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

உப்பலவாடிக்காரி

அய்யோ, வெள்ளீயம் காரீயம் விஷயம் எனக்கு இன்றுதான் தெரியும். அம்மாவிடம் படித்துக் காட்டினேன், சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார், "வெள்ளீயம்தாம்மா நம்மளது" என்றால் நம்பமாட்டேன் என்கிறார். மண்ணைச் சுரண்டி எடுத்தாயிற்று, வாளியில் முக்கால் வந்தது, கோழிக்குப் பழைய வலையைக் கட்டித் தடுத்திருக்கிறேன். நுரைத்த இடத்தில் சோடா போட்டேன், இன்னொரு தடவை நுரைத்து அடங்கிவிட்டது.

பவர் பேங்க்தான் பயமாக இருக்கிறது. அறையிலேயே கிடக்கிறது. தூக்கி ஆற்றில் போடலாமா என்று தம்பி கேட்கிறான்.

மஞ்சக்குப்பம் மொபைல்ஸ்

அக்கா ஆற்றில் போட வேண்டாம், முதலில் அறையை விட்டு வெளியே எடுங்கள், அதுவும் மெதுவாக.

உப்பியிருப்பது காற்று. உள்ளே லித்தியம் பேட்டரி, பை மாதிரி அலுமினியத் தாளில் ஒட்டி இருக்கும், பழசாகி, சூடாகி, அல்லது தண்ணீர் போய் உள்ளே இருக்கிற திரவம் கெட்டு வாயு உண்டாகும், வெளியே போக வழியில்லை, அதனால் பை உப்பும். உங்கள் கேஸில் வெள்ளத் தண்ணீர். அமுக்கிச் சப்பையாக்குவது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது, ஸ்க்ரூட்ரைவரால் நெம்புவது, மூன்றையும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். குத்தினால் உள்ளே பிளேட்டும் பிளேட்டும் ஒட்டும், ஒரு வினாடி ஒன்றும் தெரியாது, அப்புறம் புஸ் என்று வெள்ளைப் புகை, அப்புறம் தீ. என் இடது கை கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது, தொழில் கற்றுக்கொண்ட வருஷம்.

கடையில் நான் என்ன செய்கிறேன் என்றால், பத்து லிட்டர் இரும்பு பெயிண்ட் டப்பாவில் பாதி வரைக்கும் காய்ந்த ஆற்று மணல். உப்பின பேட்டரி வந்தால் டெர்மினலில் டேப் ஒட்டி, மணலில் வைத்து, மேலே இன்னும் மணல். மூடியை இறுக்க மாட்டேன், சும்மா வைப்பேன். டப்பா கடைக்கு வெளியே நிழலில், பக்கத்தில் அட்டைப்பெட்டியோ கேஸ் சிலிண்டரோ இல்லாத இடத்தில். நீங்களும் அப்படியே செய்யுங்கள், மண்பானை என்றாலும் சரி. சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட அதில் ஒயரைச் சொருகாதீர்கள். குப்பை வண்டியில் போட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், உள்ளே அமுக்கும்போது வெடித்துக் காய்ந்த குப்பை பற்றிக்கொள்ளும், மாட்டுவது அந்த வண்டியில் வேலை செய்கிற ஆள்தான்.

கொடுக்கிற இடம் என்று கேட்டால் நேர்மையாகச் சொல்கிறேன், செத்த போன் போர்டுக்கு ஆள் தேடி வருவார்கள், கிலோ கணக்கில் விலை பேசுவார்கள், ஏனென்றால் அதில் துளித்துளியாகத் தங்கமும் செம்பும் இருக்கிறது. உப்பின பேட்டரிக்கு யாரும் வருவதில்லை. பெரிய பிராண்டுகளுடைய சர்வீஸ் சென்டர் சிலவற்றில் பழைய போன், பேட்டரி, சார்ஜர் போடுவதற்குப் பெட்டி வைத்திருப்பார்கள், எல்லா ஊரிலும் இருக்காது, போன் பண்ணி "உப்பினது, எடுத்துப்பீங்களா" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். இல்லையென்றால் மணலோடு என் கடைக்குக் கொண்டு வாருங்கள், என்னுடையதோடு சேர்த்து அனுப்புகிறேன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பதிவு பெற்ற ரீசைக்கிள் கம்பெனிக்கு எங்கள் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து போடுகிறோம். கூரியரில் உப்பின லித்தியம் பேட்டரி போடக் கூடாது, அதனால் வண்டி போகும்போதுதான்.

போன்களைக் கொடுக்கும் முன் சிம், மெமரி கார்டு எடுத்துவிடுங்கள், கூகுள் கணக்கில் இருந்து வெளியே வந்துவிட்டு ஃபேக்டரி ரீசெட். ஆன் ஆகாத போன் என்றால் உடைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஆனால் பேட்டரியைக் கழற்றின பிறகு போர்டை மட்டும். நீங்களாகச் சுத்தியல் எடுக்க வேண்டாம்.

அப்பாவுடைய நோக்கியாவைக் கொடுக்காதீர்கள். சின்ன மாடல் என்றால் பிஎல்-5சி பேட்டரியாக இருக்கும், கையாலேயே கழற்றலாம். உப்பியிருந்தால் அதை மட்டும் மணலில் போட்டுவிட்டுப் போனை வைத்துக்கொள்ளுங்கள். அந்த பேட்டரி இன்னும் புதிதாக விற்கிறது, சந்தையில் விற்கிற சின்ன எஃப்எம் ரேடியோ பாதிக்கு அதுதான் போடுகிறார்கள். கொண்டு வாருங்கள், போர்டைக் கழுவிப் பார்க்கிறேன். மெசேஜ் எல்லாம் உள்ளே இருந்தாலும் இருக்கும்.

லாஸ்பேட்டை டீச்சர்

அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான், நாங்கள்தானே பிள்ளைகளிடம் குப்பையில் போடாதே என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம்!

செல்களைப் பிரித்து வையுங்கள். ரிமோட், கடிகாரம் ஒரு பக்கம். காசு மாதிரி தட்டையாக இருக்கிற பட்டன் செல், அதாவது கார் சாவி, எடை மெஷின், பொம்மையில் வருவது, அது வேறு பக்கம், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி. பாட்டிலில் ஒன்றோடு ஒன்று உரசினால் ஷார்ட் ஆகும், அதுவும் 3 வோல்ட் லித்தியம் செல் என்றால் சூடாகும். அதைவிட முக்கியம், குட்டிக் குழந்தை வருகிற வீடு என்றால் பட்டன் செல்லைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம் என்று உட்காராமல், நேரே எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ட்யூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, கொஞ்சம்தான், ஆனால் உடைந்தால் ஆவியாகும். முழுசாக இருக்கும்போதே பழைய அட்டை உறையிலோ செய்தித்தாளிலோ சுற்றி நிற்க வையுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் எல்லோரும் வெளியே போய்விடுங்கள், துடைப்பம் போடாமல் தடித்த அட்டையால் வழித்து, பொடியை டேப்பில் ஒற்றி எடுத்து, பாட்டிலில் மூடுங்கள்.

கொடுக்கும் இடம்: வீட்டு அபாயக் கழிவு என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே தனிப் பெயர் இருந்தது, செல், ட்யூப்லைட், தெர்மாமீட்டர், பெயிண்ட் டப்பா எல்லாம் அதில்தான், 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்று உள்ளாட்சிக்கு வேலை கொடுத்திருந்தது. கடலூர் மாநகராட்சியிலோ உங்கள் ஊராட்சி அலுவலகத்திலோ "எங்கே இருக்கிறது" என்று கேளுங்கள், "இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் இங்கே அப்படித்தான் கேட்டேன், மூன்றாவது தடவை போனபோது ஒருவர் தேடி எடுத்துக் கொடுத்தார். இப்போது எங்கள் பள்ளியில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு டிரம் இருக்கிறது, நிறைந்ததும் எடுத்துப் போகிறார்கள். பிள்ளைகள் வீட்டில் ரிமோட்டில் நன்றாக ஓடுகிற செல்லையும் கழற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்று தாய்மார்கள் புகார்.

நெல்லிக்குப்பம் டிவி மெக்கானிக்

நான் ரிடையர்டு. அந்த 14 இன்ச் டிவியில் நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பேன். 2006 செப்டம்பரில் கொடுக்க ஆரம்பித்தார்கள், அடுத்த நாலைந்து வருஷம் எங்கள் தொழிலுக்கு அதுதான் சோறு. இப்போது எல்லோர் வீட்டுப் பரணிலும் ஒன்று தூங்குகிறது.

அம்மா, அதை உடைக்க விடாதது நல்ல வேலை. பிக்சர் ட்யூப் உள்ளே வெற்றிடம், கழுத்தில் தட்டினால் கண்ணாடி உள்பக்கமாக இழுத்துச் சிதறும். ஓடும்போது ட்யூபில் இருபதாயிரம் வோல்ட் சொச்சம் இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் தங்கும், நீங்கள் சொல்வது வருஷக்கணக்கில் ஓடாத டிவி, அதில் பயமில்லை, ஆனாலும் பின் மூடியைக் கழற்றாதீர்கள். ட்யூபின் பின்பக்கம் புனல் மாதிரி இருக்கிறதே, அந்தக் கண்ணாடியிலும் ஈயம்தான், எக்ஸ்ரே வெளியே வராமல் தடுக்கக் கலந்தது. இரும்புக்கடைக்காரருக்குக் கழுத்தில் சுற்றியிருக்கும் காப்பர் காயில் மட்டும்தான் தேவை. காயிலையும் ஒயரையும் எரித்துச் செம்பு எடுப்பார்கள், ராத்திரியில் பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தால் அதுதான். கண்ணாடி ஏரிக்கரையில்.

உண்மை என்னவென்றால் இந்த ட்யூப் டிவிக்கு இப்போது யாருக்கும் ஆசை இல்லை. ட்யூப் கண்ணாடியை மறுபடி ட்யூப் டிவிக்கே போட்டார்கள், ட்யூப் டிவியே போய்விட்டதால் கண்ணாடிக்கும் கிராக்கி போய்விட்டது. கடையில் புது எல்இடி வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் தள்ளுவது ஒரு வழி, பண்டிகைச் சமயத்தில் எந்தப் பழைய டிவியையும் எடுப்பார்கள். இல்லாவிட்டால் பதிவு பெற்ற ரீசைக்கிள்காரர்கள், அவர்கள் பட்டியல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் இருக்கிறது. ஒரு டிவிக்கு வண்டி அனுப்பமாட்டார்கள். தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒரு மினி லாரி நிறைகிற அளவு இருந்தால் வருவார்கள். மிக்ஸி, இன்வெர்ட்டர், செத்த ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றிவிடலாம். முன்பு மின்னணுக் கழிவு விதிகளில் 21 பொருள்தான் இருந்தது, 2023 ஏப்ரலில் இருந்து 106.

முதுநகர்காரரே, ஒரே லாரியில்தான் போகும் என்கிறீர்கள். போகும்தான் சில சமயம். ஆனால் ஆசிட் இவர் வீட்டுத் தென்னை மரத்தடியில் ஊறுவதற்கும் ஊறாமல் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? லாரி எங்கே போனாலும் கோழி இவர் வீட்டில்தானே கிளறுகிறது.

முதுநகர்காரன்

சரி சார், அது நியாயம். ஆனால் அந்த இரும்புக்கடை ஆளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை என்பதும் என் கட்சி. அவர் வராவிட்டால் நம் ஊரில் பாதிப் பொருள் வாய்க்காலில்தான் கிடக்கும். வெறும் கையால் ஆசிட்டைக் கொட்டுகிறார், முதலில் அவர் கைதான் வேகிறது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு விரல் நுனியெல்லாம் வெடிப்பு, சாம்பார் சாதம் பிசைந்தால் எரியும் என்று கரண்டியில் சாப்பிடுவார்.

உப்பலவாடிக்காரி

எல்லோருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பேட்டரியைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டீலர் வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டார், புதியதில் 2,800 ரூபாய் கழித்தார், பில்லில் எழுதச் சொன்னேன், ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். மண் வாளியை வேண்டாம் என்றார். நெல்லித்தோப்பு அண்ணன் சொன்னதைச் சொல்லிக் கொஞ்சம் வாதாடினேன், "சரி ஏத்துங்க" என்றார்.

பவர் பேங்க் மணல் பானையில் மஞ்சக்குப்பத்துக்குப் போய்விட்டது. தம்பி பானையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்து போனான், அஸ்தி கரைக்கப் போவது போல இருந்தது. செல் பாட்டிலுக்கு ஊராட்சி அலுவலகத்தில் "எங்கே இருக்கிறது" என்றுதான் கேட்டேன் டீச்சர், அடுத்த வாரம் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள், திங்கட்கிழமை மறுபடி போவேன். ட்யூப்லைட்டும் அதோடு காத்திருக்கிறது.

அப்பாவின் போன் ஆன் ஆனது. போர்டைக் கழுவிப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். இன்பாக்ஸில் பெரும்பாலும் ரீசார்ஜ் மெசேஜ்தான், நடுவில் அம்மாவுக்கு அனுப்பாமல் டிராஃப்ட்டில் விட்ட ஒன்று, "பஸ் ஏறிட்டேன் வெங்காயம் இருக்கா". அம்மா அதை வைத்துக்கொண்டிருக்கிறார்.

இரும்பு எடுப்பவர் நேற்றும் வந்தார். பேட்டரி இல்லை என்றதும் கோபித்துக்கொள்ளவில்லை. மிக்ஸியைக் கேட்டார், தரவில்லை, தகரமும் பழைய கட்டில் சட்டமும் கொடுத்தேன். ஆசிட் பற்றிச் சொன்னேன், "கையுறை யாரும்மா வாங்கித் தருவாங்க" என்றார். மண் சுரண்ட வாங்கினதில் ஒரு ஜோடி பிரிக்காமல் இருந்தது, அதைக் கொடுத்தேன், மாட்டுவாரா விற்பாரா தெரியவில்லை.

மிச்சம் டிவி, மிக்ஸி, இன்வெர்ட்டர். ரீசைக்கிள் கம்பெனி ஒன்றுக்கு போன் செய்தேன், குறைந்தது ஒரு மினி லாரி லோடு வேண்டும் என்கிறார்கள். உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு பக்கம் வெள்ளத்தில் கெட்டதை வைத்துக்கொண்டு யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள். எங்கள் வீட்டு முன்னால் லாரி நிற்க இடம் இருக்கிறது, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வரச் சொல்கிறேன்.

முதுநகர்காரன்

என்னிடம் டிவி இரண்டு இருக்கிறது. ஒன்று 21 இன்ச், தூக்க இரண்டு ஆள் வேண்டும்.